ஏசி தண்ணீரும் அதைக் குறைக்கும் சக்கரமும்

"எங்கள் சென்னை ஓ.எம்.ஆர். சாலை அலுவலகக் கட்டடத்தில் ஏசியிலிருந்து தினமும் ஒரு லாரித் தண்ணீர் எடுப்பதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக நம்பலாம். ஆனால் அவ்வளவு தண்ணீர் சொட்டுவது பெருமைக்குரிய விஷயமல்ல.

2,800 பேர் வேலை செய்யும் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மணிக்கு 36 கன மீட்டர் வீதம், மணிக்குச் சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். 33 டிகிரி வெயிலும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைப் பிற்பகலில், ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 21 கிராம் நீராவி இருக்கும். காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் பெட்டியான ஏ.ஹெச்.யூ.வின் காயிலை, அதாவது உள்ளே குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருளை, தொட்டு 13 டிகிரிக்கு இறங்கிய காற்றில் 9 கிராம்தான் தங்கும். மிச்சம் சொட்டிவிடும். மணிக்கு 1,300 லிட்டர், பத்து மணி நேரத்தில் 13,000 லிட்டர்.

ஒவ்வொரு லிட்டரும் சொட்டுவதற்கு, அந்தக் குளிர்நீரைத் தயாரிக்கும் இயந்திரமான சில்லர் 2,450 கிலோஜூல் வெப்பத்தை வாங்கி வெளியே தள்ளியாக வேண்டும். நல்ல சில்லர் என்றாலும் 0.15 யூனிட் மின்சாரம் போய்விடும். ஆயிரம் லிட்டருக்கு 150 யூனிட்! கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. ஆலைக்கு அதே ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் போதும்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கண்ணாடிப் பூச்சு, எல்.இ.டி., மொட்டைமாடி சோலார் எல்லாம் பலருக்கும் தெரிந்தவை, வேண்டியவையும்கூட. ஆனால் சென்னையில் ஏசியின் உண்மையான சுமை ஈரம். வெளிக்காற்றை உள்ளறையின் 25 டிகிரி, 50 சதவீத நிலைக்குக் கொண்டுவரும் வேலையில் சூட்டைத் தணிப்பது கால் பங்குதான். ஈரத்தை எடுப்பது முக்கால் பங்கு.

அந்த ஈரத்தைக் காயிலுக்கு வருமுன்பே மடக்குகிறது என்தால்பி வீல். மெல்லிய அலுமினியத் தகட்டை அட்டைப்பெட்டியின் உள்தாள் போல நெளித்துச் சுருட்டிய, ஆளுயரத்துக்கும் மேலான சக்கரம் அது. ஒரு பாதி வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். மறுபாதி வழியாக அறையின் பழைய காற்று வெளியேறும். தகட்டின் மேல் மாலிகுலர் சீவ் என்ற, மூலக்கூறுகளைச் சலிக்கும் நுண்துளைப் பொருளைப் பூசியிருப்பார்கள். அதன் துளை அகலம் 3 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), நீர் மூலக்கூறு சுமார் 2.8. நீர் நுழையும், வாடை தரும் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை நுழையாது. நிமிடத்துக்கு 20 சுற்று என்றால், ஒன்றரை விநாடியில் புதுக்காற்றின் ஈரத்தைக் குடித்து, அடுத்த ஒன்றரை விநாடியில் அதைப் பழைய காற்றிடம் கக்கிவிடும். இதற்கு ஹீட்டர் கிடையாது. வெளியே நீராவி அழுத்தம் 3.3 கிலோபாஸ்கல், உள்ளே 1.6. அந்த வித்தியாசமே ஈரத்தை நகர்த்துகிறது. எனக்கு இதைவிட அழகான இயந்திரம் ஒரு கட்டடத்தில் வேறில்லை.

75 சதவீதத் திறனுள்ள வீல், உச்ச நேரத்தில் சுமார் 240 டன் (குளிரூட்டும் திறனின் அளவு, எடை அல்ல) சில்லர் சுமையைக் குறைக்கும். அதாவது 180 கிலோவாட் மின்சாரம் மிச்சம். காற்றைச் சக்கரத்துக்குள் தள்ள ஃபேன்கள் கூடுதலாக 20 கிலோவாட் போலக் கேட்கும். வெளிக்காற்றிலிருந்து சொட்டும் தண்ணீர் நாளுக்கு 4,000 லிட்டருக்குள் அடங்கிவிடும்.

இது பழுதானால் வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல். பெல்ட் அறுந்து வீல் நின்றாலும் காற்று போய்க்கொண்டே இருக்கும். கரண்ட் பில் மட்டும் ஏறும். கழிவறைக் காற்றைத் தனிக் குழாயில் வெளியேற்றிவிட்டால் வீலுக்குத் திரும்பும் காற்று குறையும், மீட்பும் குறையும். ஃபில்டரைக் கவனிக்காவிட்டால் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் பூச்சை மூடிவிடும். இங்கே வெறும் தெர்மாமீட்டர் ஏமாற்றும்: வெளியே 33, அறையில் 25, வீலைத் தாண்டி 27 என்றால் எட்டில் ஆறு டிகிரி மீண்டதாகக் காட்டும். பூச்சு செத்துப்போனாலும் அலுமினியம் சூட்டைக் கடத்திக்கொண்டுதான் இருக்கும். ஆகவே ஈரப்பதத்தையும் அளக்க வேண்டும், மாதாமாதம். திறப்பு விழாவில் வாங்கிய பசுமைச் சான்றிதழைவிட இந்த மாதக் கணக்குக்கே நான் மதிப்பெண் கொடுப்பேன்.

மிஞ்சிச் சொட்டும் நீரைக் குடிக்கக் கூடாது. காயிலுக்கு அடியில் நீரைப் பிடிக்கும் டிரேயில் கிருமிகள் பாசிபோலப் படியும். உப்பு ஏறக்குறைய இல்லாததால் சில்லரின் வெப்பத்தை வெளியேற்றும் கூலிங் டவருக்கு மிக நல்லது. ஆனால் டிரெயின் குழாயில் யூ வளைவு சரியாக இருக்க வேண்டும். ஃபேன் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் 500 பாஸ்கல் குறைந்தால், அது 5 செ.மீ. நீர்மட்டத்துக்குச் சமம். வளைவு அதைவிட ஆழமில்லை என்றால் குழாய் வழியே காற்று உள்ளே ஏறி, தண்ணீரை இறங்கவிடாமல் தடுத்து, டிரே நிரம்பி ஃபால்ஸ் சீலிங்கில் வழியும்.