அடுத்த டீசல் என்ஜின் எது? பிக்கப் வதந்திகளும் புகைக்குழாய்க் கணக்கும்

அமெரிக்காவில் பெரிய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள், கையில் இருக்கும் என்ஜினைவிட வரப்போவதாகச் சொல்லப்படும் என்ஜினைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அதில் வியப்பில்லை. ஹெவி டியூட்டி வகையில் டீசல் வேண்டும் என்றால் கடையில் இருப்பது மூன்றே சரக்கு. ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வி8 (எட்டு சிலிண்டரும் 'V' வடிவில் இரண்டு வரிசையாக). செவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா இரண்டிலும் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் வி8. ராமில் கமின்ஸ் நிறுவனத்தின் 6.7 லிட்டர் என்ஜின், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். இவ்வளவு குறைவாகத் தேர்வு இருக்கும் இடத்தில் வதந்திக்குப் பஞ்சம் இருக்காது.

அந்த வதந்திகளில் எப்போதும் இரண்டு எண்கள் இருக்கும்: எத்தனை லிட்டர், எத்தனை குதிரைத்திறன். என்னைக் கேட்டால் இந்த இரண்டையும் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு டீசல் என்ஜின் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு. சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை இரும்பு தாங்குமா? வெளியே வரும் புகையைச் சட்டம் கேட்கும் அளவுக்குச் சுத்தம் செய்ய முடியுமா?

முதலில் அழுத்தம். 1989 மாடல் டாட்ஜ் ராமில் கமின்ஸின் 5.9 லிட்டர் என்ஜின் வந்தபோது அதன் திறன் 160 குதிரைத்திறன், டார்க் (சுழற்றும் விசை) 542 நியூட்டன் மீட்டர். (இதே 'பி' குடும்பத்து 5.9 லிட்டர் என்ஜினைத்தான் பின்னாளில் டாடா கமின்ஸ் ஜாம்ஷெட்பூரில் செய்து டாடா லாரிகளுக்குக் கொடுத்தது. நம்மூர் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டியவர்களுக்கு அதன் சத்தம் நன்றாகப் பழக்கம்.) 2025 ராமில் அதே குடும்பத்தின் 6.7 லிட்டர் வாரிசு 430 குதிரைத்திறனும் 1,458 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. கொள்ளளவு கூடியது 14 சதவீதம்தான். டார்க் கூடியது 2.7 மடங்கு.

மிச்சம் எங்கிருந்து வந்தது? நான்கு ஸ்ட்ரோக் என்ஜினின் டார்க்கை 4π-ஆல் பெருக்கிக் கொள்ளளவால் வகுத்தால், எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளும் ஓட்டம் முழுவதும் பிஸ்டன் தலையில் சராசரியாக எவ்வளவு அழுத்தம் இருந்திருக்க வேண்டும் என்ற எண் கிடைக்கும். 1989 என்ஜினுக்கு அது சுமார் 11.6 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 2025 என்ஜினுக்கு 27 பார். 1,627 நியூட்டன் மீட்டர் தரும் ஃபோர்டின் ஹை அவுட்புட் 6.7-க்குப் போட்டுப் பார்த்தால் 31 பாரை ஒட்டி வருகிறது. டர்போ காற்றை அதிகமாக அடைக்கிறது, அந்தக் காற்றுக்கு ஏற்ற டீசலை இன்ஜெக்டர் கொடுக்கிறது, அழுத்தம் ஏறுகிறது.

இதுவும் சராசரிதான். எரியத் தொடங்கியதும் ஒரு கணம் எழும் உச்ச அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு. அதை 200 பார் என்று வைத்துக்கொள்வோம். கமின்ஸ் 6.7-இன் பிஸ்டன் விட்டம் 107 மில்லிமீட்டர். ஒரு பிஸ்டன் மீது விழும் விசை 18 டன் எடைக்குச் சமம். என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு ஏறக்குறைய 17 முறை இந்த அடி விழும். பிஸ்டனைக் கீழே தள்ளும் அதே விசை சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டை மேலே தூக்கவும் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பவை ஹெட் போல்ட்டுகள்.

ஃபோர்டு 2003 முதல் விற்ற 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கை நேவிஸ்டார் நிறுவனம் செய்து கொடுத்தது. அதில் சிலிண்டர் ஒன்றைச் சுற்றி நான்கு ஹெட் போல்ட்டுகள். ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போவது அந்த என்ஜினின் தீராத பெயர்க்கேடு ஆயிற்று. வாரண்டிச் செலவு யாருடையது என்ற தகராறில் இரண்டு நிறுவனங்களும் 2007-இல் நீதிமன்றம் வரை போய், 2009-இல் சமரசம் செய்துகொண்டன. அப்புறம் ஃபோர்டு தானே வடிவமைத்து 2011 மாடலில் கொண்டுவந்த 6.7-இல் சிலிண்டருக்கு ஆறு போல்ட்டுகள். சிலிண்டர்கள் அமைந்திருக்கும் பிளாக்கும் சாதாரண வார்ப்பிரும்பு இல்லை; சிஜிஐ எனப்படும் வகை. வார்ப்பிரும்பில் கார்பன் தட்டையான செதில்களாகப் பரவியிருக்கும், விரிசல் அந்தச் செதில்களின் ஓரமாகவே ஓடிவிடும். சிஜிஐ-யில் அது முனை மழுங்கிய புழுப் போன்ற வடிவில் இருப்பதால் விரிசலுக்கு நேர்வழி கிடைப்பதில்லை. எடையைக் கூட்டாமலே பலம் கூடுகிறது. 2019-இல் ராம் முதன்முதலாக 1,000 பவுண்டு-அடி (1,356 நியூட்டன் மீட்டர்) டார்க்கைத் தொட்டபோது கமின்ஸும் சிஜிஐ பிளாக்குக்கு மாறியிருந்தது.

ஆகவே, "அதே என்ஜின்தான், சாஃப்ட்வேரை மட்டும் மாற்றி இன்னொரு 200 குதிரைத்திறன் தட்டிவிடப் போகிறார்கள்" என்று யாராவது சொன்னால், பிளாக்கும் போல்ட்டும் மாறியதா என்று கேளுங்கள்.

அடுத்தது புகை. நிறைய பேர் தாண்டிப் போய்விடும் இடம் இது. பெட்ரோல் என்ஜினில் எரிபொருளும் காற்றும் முன்னமே கலந்திருக்கும், பொறி விழுந்ததும் பற்றும். டீசலில் பொறியே கிடையாது. காற்றை மட்டும் அழுத்திச் சுட வைத்து, அதற்குள் சுமார் 2,000 பார் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆனால் கலக்க நேரம் இல்லை. பீய்ச்சின் நடுவில் டீசல் மிகுதி, காற்று போதாது. அங்கே கரித்துகள் உருவாகும். பீய்ச்சின் விளிம்பில் காற்றும் டீசலும் சரியான விகிதத்தில் சேரும். அங்கே சுவாலை கொதிக்கும். அந்தச் சூட்டில் காற்றில் சும்மா இருந்த நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிவிடும்.

விறகடுப்பு எரித்தவர்களுக்கு இது புரியும். விறகைத் திணித்தால் புகைகிறது, ஊதுகுழலால் ஊதினால் புகை போய்ச் சுவாலை வெளுத்து எரிகிறது. டீசலில் புகையைக் குறைக்கச் சூட்டை ஏற்றினால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். அதைக் குறைக்கச் சூட்டைத் தணித்தால் கரி ஏறும். இரண்டையும் சிலிண்டருக்குள்ளேயே தீர்க்க வழியில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இரண்டையும் சேர்த்தே கேட்டது. 2007 மாடல் முதல் கனரக டீசலுக்குக் கரித்துகள் வரம்பு குதிரைத்திறன்-மணிக்கு (ஒரு குதிரைத்திறன் ஒரு மணி நேரம் செய்யும் வேலைக்கு) 0.01 கிராம். நைட்ரஜன் ஆக்சைடுக்கு 0.20 கிராம், அது 2010-க்குள் படிப்படியாக முழுமையாக வர வேண்டும். 2006 இறுதியில் டீசலில் உள்ள கந்தகமும் பத்து லட்சத்தில் 15 பங்காக இறக்கப்பட்டது. அதற்கு முன் 500 பங்கு. கந்தகம் இருந்தால் புகைக்குழாயில் வைக்கும் வினையூக்கிகள் கெட்டுப்போகும்.

ராம் பிக்கப்பில் 5.9 லிட்டர் 6.7 ஆனது சரியாக அந்த நேரத்தில்தான். சிலிண்டர் விட்டம் 102-இலிருந்து 107 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 120-இலிருந்து 124. சக்தி வேண்டும் என்பதற்காக மட்டும் பெரிதாக்கியதாக நினைத்தால் பாதிதான் சரி. சுவாலையைத் தணிக்க, எரிந்த புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்துத் திரும்பச் சிலிண்டருக்குள்ளேயே விடுகிறார்கள். அந்தப் புகை இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆக்சிஜனுக்கு இடம் குறையும். பழைய டார்க்கைக் காப்பாற்றவே கூடுதல் இடம் தேவைப்படுகிறது. சட்டம் இறுகும்போதெல்லாம் டீசல் என்ஜின் கொஞ்சம் வளர்வது இதனால்தான்.

மிச்ச வேலை புகைக்குழாயில். கரியை ஒரு வடிகட்டி பிடித்து வைத்து, நிறைந்ததும் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி எரித்துவிடும். நைட்ரஜன் ஆக்சைடுக்கு யூரியாக் கரைசல். அதில் 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் தண்ணீர். நம்மூர் பிஎஸ்-6 லாரிகளில் ஆட்புளூ என்று ஊற்றுவது இதையேதான். சூடான புகையில் பட்டதும் யூரியா அம்மோனியாவாக உடையும், அம்மோனியா வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றும். அதற்குப் புகை ஏறக்குறைய 200 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். பத்து டன் டிரெய்லரை மலையேற்றும் பிக்கப்புக்கு அது பிரச்சினையே இல்லை. அதே பிக்கப் காலியாகக் கடைக்குப் போய்வரும்போதுதான் சிக்கல். குழாய் சூடாவதற்குள் வீடு வந்துவிடும்.

இதை மனதில் வைத்துப் பார்த்தால் ஃபோர்டு 6.7-இன் விநோதமான அமைப்பு விளங்கும். வழக்கமான வி8-இல் காற்று நடுப் பள்ளத்தின் வழியே உள்ளே போகும், புகை இரு பக்கமும் வெளியேறும். ஃபோர்டு அதைத் தலைகீழாக்கியது. புகை நடுப் பள்ளத்தில் வெளியே வருகிறது, டர்போவும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. குழாய் குட்டை, அதனால் சூடு வீணாகாமல் டர்போவுக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் வினையூக்கிக்கும் போய்ச் சேருகிறது.

வேடிக்கை என்னவென்றால், இதே தலைகீழ் அமைப்பு அதற்கு முன்பே ஜெனரல் மோட்டார்ஸின் 4.5 லிட்டர் டியூராமேக்ஸில் வருவதாக இருந்தது. அது வெறும் வதந்தி இல்லை; நிறுவனமே அறிவித்த என்ஜின். சிறிய பெட்ரோல் வி8 இருக்கும் இடத்தில் அப்படியே பொருந்தும்படி வடிவமைத்திருந்தார்கள். இலேசான பிக்கப்புகளுக்கு 310 குதிரைத்திறனுக்கு மேல் தரும் என்றார்கள். 2009-இல் வேலையை நிறுத்திவிட்டார்கள். அந்த ஜூன் மாதம் நிறுவனமே திவால் பாதுகாப்புக் கேட்டு நின்றது. என்ஜின் தொழில்நுட்பத்தில் தோற்கவில்லை, பணம் இல்லாமல் நின்றது.

கமின்ஸின் 5.0 லிட்டர் வி8 அதைவிடச் சுற்றி வந்த கதை. இலேசான ராமுக்கு என்று, ராமைச் செய்யும் கிரைஸ்லரோடு ஒப்பந்தம், கிரைஸ்லர் திவால், பிறகு பல ஆண்டுகள் "அது வருகிறது, எங்கே என்று தெரியவில்லை" என்ற பேச்சு. கடைசியில் 2013-இல் நிசான் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. 2016 மாடல் டைட்டன் எக்ஸ்டி-யில் வந்தது, 2019 மாடலோடு போனது. இலேசான பிக்கப்பைவிடக் கனம், ஹெவி டியூட்டியைவிடக் குறைந்த இழுவை, நடுவில் மாட்டிக்கொண்டது. 2007-இல் லாஸ் வேகாஸ் சேமா கண்காட்சியில் லாரி நிறுவனமான ஹினோவின் 8 லிட்டர் டீசலை வைத்து டொயோட்டா காட்டிய, பின்னால் பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம் பூட்டிய டுண்ட்ரா பிக்கப் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. கண்காட்சி வண்டிக்குப் புகைச் சான்றிதழ் தேவையில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

சான்றிதழ் பெரிய செலவு, அதில் ஏமாற்றினால் அதைவிடப் பெரிய செலவு. ராம் 2500, 3500-களின் 2013 முதல் 2019 வரையிலான மாடல்களில் சுமார் 6,30,000 வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டை ஏய்க்கும் சாஃப்ட்வேர் இருந்ததாக அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. 2023 டிசம்பரில் கமின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. ஆனால் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. இப்படி ஒரு தொகை கண் முன்னால் இருக்கும்போது, எந்த நிறுவனமும் ஒரு பிக்கப்புக்கு இரண்டாவது டீசல் என்ஜினை ஆசைக்காகச் சேர்க்காது. வாங்குபவரும் டீசலுக்கு ஏற்கெனவே சுமார் 10,000 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார். பக்கத்திலேயே ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 யூரியாவும் இல்லாமல், மலிவாக நிற்கிறது.

இந்தக் கண்ணோடு இப்போது சுற்றும் பேச்சுக்கு வருவோம். கமின்ஸ் தன் 'பி' குடும்பத்தில் 7.2 லிட்டர் டீசல் ஒன்றை அறிவித்திருக்கிறது. 6.7 இப்போது 7 லிட்டரைத் தாண்டுகிறது என்றதும் ராம் ரசிகர்கள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். 5.9, 6.7, 7.2 என்ற வரிசைக்குப் பின்னால் இருக்கும் காரணம் நாம் மேலே பார்த்ததுதான். 2022 டிசம்பரில் முகமை இறுதி செய்த விதியில் 2027 மாடல் கனரக என்ஜின்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 0.035 கிராம், பழைய 0.20-இல் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 7.2 பிறந்தது நடுத்தர லாரிகளுக்காக, அந்த எண்ணை எதிர்பார்த்து.

ஆனால் முழு வண்டியாக விற்கும் ஹெவி டியூட்டி பிக்கப்பை லாரியைப் போலச் சோதிப்பதில்லை. லாரி என்ஜினைத் தனியாகச் சோதனை மேடையில் ஏற்றி, செய்த வேலைக்கு எத்தனை கிராம் என்று அளப்பார்கள். பிக்கப்பை முழு வண்டியாக உருளைகளின் மேல் ஓட்டி, மைலுக்கு எத்தனை கிராம் என்று அளப்பார்கள். ஒரே கமின்ஸ் 6.7 பிக்கப்பில் 1,000 பவுண்டு-அடியைத் தாண்டிய அதே காலத்தில், பின்பக்கம் தொட்டி இல்லாமல் வெறும் சேஸியாக விற்கும் ராம் 4500, 5500-இல் 360 குதிரைத்திறன், 800 பவுண்டு-அடி என்று அடக்கமாக இருந்ததற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம். அந்த வண்டிகள் நாள் முழுக்கப் பாரத்தோடு ஓடுபவை என்பது இன்னொன்று. ஆகவே 7.2-க்கு என்று ஒரு குதிரைத்திறன் எண் காதில் விழுந்தால், அது லாரி மேடையில் அளந்ததா, பிக்கப்புக்கு என்று சொன்னதா என்று முதலில் கேட்க வேண்டும். அப்புறம் கியர்பாக்ஸ் அந்த டார்க்கைத் தாங்குமா என்று பார்க்கலாம். 2025-இல்தான் ராம் தன் டீசலுக்குப் புது எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைக் கொடுத்திருக்கிறது.