டாக்கில் இருக்கும் அந்தச் சின்ன பட்டன்

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த வாரம். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் மஞ்சப்பையோடு என் கடைக்கு வந்தார். பைக்குள் இரண்டு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க், ஒரு டாக்கிங் ஸ்டேஷன். உறையில்லாத டிஸ்க்கை நேராகச் செருகிக் கணினியோடு இணைக்கும் பெட்டி அது, சுருக்கமாக டாக். "தம்பி, பழைய டிஸ்க்க புதுசுல காப்பி போட்டேன். இப்ப ரெண்டுமே காலின்னு காட்டுது" என்றார். குரலில் பதற்றமே இல்லை. ஏதோ செட்டிங் மாறிவிட்டது, நான் நாலு தட்டு தட்டினால் எல்லாம் வந்துவிடும் என்ற நம்பிக்கை.

"எந்த ஓட்டைல எதைப் போட்டீங்கண்ணா?"

முன்னால் பழையது, பின்னால் புதியது என்று கையால் காட்டினார். டாக்கின் மேல்புறத் தூசியைத் துடைத்து, செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே பொறித்த எழுத்து. பின்பக்கம் 'ஏ', முன்பக்கம் 'பி'. இந்த டாக் ஏ-யிலிருந்து பி-க்குக் காப்பி எடுக்கும். முன்பு அவரிடம் இருந்த வேறொரு டாக்கில் முன்பக்கம்தான் ஏ. கை பழகிய பழக்கத்தில் போட்டுவிட்டார். ஒன்றுமில்லாத புது டிஸ்க்கின் வெறுமை, சில வருஷத்துக் கல்யாணங்களின் மேல் எழுதப்பட்டுவிட்டது.

டாக்கை நான் குறை சொல்ல வரவில்லை. நாள் முழுக்க என் வேலையே அதோடுதான். உறையில்லாத டிஸ்க்காக வாங்கினால் செலவு குறைவு. ஒரே பெட்டியில் பத்து டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போடலாம். ஸ்டுடியோக்காரர், ஆடிட்டர், டிசைன் போடுகிறவர் என்று எல்லோர் மேசையிலும் இன்று ஒன்று இருக்கிறது. சிக்கல், டேப் ரெக்கார்டரில் கேசட் மாற்றுவதுபோல அது அவ்வளவு சுலபமாக இருப்பதுதான்.

இரண்டு டிஸ்க் போடும் டாக்குகள் பலவற்றில் குளோன் பட்டன் உண்டு, ஒரு டிஸ்க்கை மறு டிஸ்க்கில் அப்படியே நகலெடுக்க. கணினியே தேவையில்லை. சில நொடி அழுத்திப் பிடித்து, விளக்கு சிமிட்டியதும் இன்னொரு முறை அழுத்தினால் வேலை தொடங்கிவிடும். 'அழித்துவிடட்டுமா' என்று கேட்கத் திரை கிடையாது. ஃபைல் ஃபைலாகப் பார்த்தும் எடுக்காது. டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து (தகவல் எழுதும் சின்னக் கட்டம்) கடைசி செக்டர் வரை அப்படியே இழுத்து மறுபக்கம் எழுதும். காலி இடத்தையும் சேர்த்துத்தான். நொடிக்கு 150 எம்பி என்று வைத்துக்கொண்டால் 4 டெராபைட்டுக்கு ஏழரை மணி நேரம் ஆகும்.

இவருடையது அரை மணி நேரம்தான் ஓடியிருந்தது. அதற்குள் கரன்ட் போய்விட்டது. கரன்ட் கட்டுக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான். கணக்குப் போட்டால் ஆரம்பத்திலிருந்து சுமார் 270 ஜிபி போயிருக்கிறது. மேலே எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். சென்னைக்குக் கொண்டுபோனாலும், தூசியில்லாத அறையில் வைத்துப் பிரித்தாலும் அந்தப் பகுதி வராது. மீதி டிஸ்க்கில் படங்கள் இருக்கின்றன. ஆனால் எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்று சொல்லும் அட்டவணையை விண்டோஸ் பெரும்பாலும் டிஸ்க்கின் முற்பகுதியில்தான் வைக்கும். அது முதல் நிமிடத்திலேயே காலி. ஃபோல்டர் பெயர், மாப்பிள்ளை பெயர், மண்டபம் பெயர் எதுவும் இல்லை. ஜேபெக் படம் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தோம். எல்லாம் வெறும் எண்களாக வந்தன. படத்துக்குள்ளேயே கேமரா எழுதி வைக்கும் தேதியும் நேரமும்தான் கைகொடுத்தன. அதை வைத்து முகூர்த்த நாள் வாரியாகப் பிரித்தோம். வீடியோ அவ்வளவு நன்றாக வரவில்லை. பெரிய ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால், அட்டவணை இல்லாமல் ஒட்டுவது பெரும்பாடு.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று. காப்பி வாங்கும் டிஸ்க் சிறியதாக இருந்தால் இந்த டாக்குகள் குளோன் செய்ய மறுத்துவிடும். இவர் புதிதாக 6 டெராபைட் வாங்கியிருந்தால், மாற்றிப் போட்டபோது 6-லிருந்து 4-க்கு எழுத முடியாமல் டாக் நின்றிருக்கும். அதனால் குளோன் எடுக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு படி பெரிதாக வாங்குங்கள் என்று இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன். தவறாக ஓடுவது தெரிந்துவிட்டால் யோசிக்காதீர்கள், சுவிட்சைத் தேடாதீர்கள், வயரைப் பிடுங்குங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு நொடியும் பல படங்கள் போய்க்கொண்டிருக்கலாம்.

அடுத்தது விண்டோஸ் கேட்கும் கேள்வி. டிஸ்க்கை டாக்கில் போட்டதும் 'ஃபார்மட் செய்யவா' என்று வரும், அல்லது 'இனிஷியலைஸ்', அதாவது புது டிஸ்க்போலத் தயார்செய்யவா, என்று வரும். அதற்கு அர்த்தம், 'எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை' என்பது மட்டும்தான். டிஸ்க் கெட்டுவிட்டது என்றில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் சிசிடிவி பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க்கை டாக்கில் போட்டு, ஓகே ஓகே என்று அழுத்திக்கொண்டே போய்விட்டார். அந்தப் பெட்டிகள் பலவும் தமக்கென்று ஒரு முறையில் எழுதும், விண்டோஸுக்குப் புரியாது. பழைய யூஎஸ்பி உறையில் இருந்த டிஸ்க்கைக் கழற்றி டாக்கில் போட்டாலும் இதே கேள்வி வரலாம். சில உறைகள் செக்டர் அளவை மாற்றிக் காட்டும். சில உறைகள் நமக்குச் சொல்லாமலே ரகசியக் குறியீடாக மாற்றிப் பூட்டித்தான் எழுதும். சாவி அந்த உறையின் சின்ன சர்க்யூட் பலகையில் இருக்கும். பழைய உறையைக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அடாப்டர் விஷயம் சுருக்கமாக. மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ரவுட்டரின் 1 ஆம்பியர் அடாப்டர் அதே முனையோடு அழகாகப் பொருந்தும், ஆனால் டிஸ்க் கிர் கிர் என்று முயன்று முயன்று நிற்கும். லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் பொருந்திவிட்டால் புகையே வரும். அப்படிக் கருகிய டிஸ்க்கின் பலகையை மட்டும் வேறு டிஸ்க்கிலிருந்து மாற்றினால் சரியாகாதா என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஆகாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் பலகையில் இருக்கும் சிப்பில் பதிந்திருக்கும். அந்தச் சிப்பையும் எடுத்து ஒட்ட வேண்டும்.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். எஜெக்ட் கொடுத்து, டாக்கை அணைத்து, பதினைந்து இருபது விநாடி பொறுங்கள். சுழல்கிற டிஸ்க்கைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே யாரோ எதிர்ப்பக்கம் இழுப்பதுபோல மணிக்கட்டில் உறைக்கும். நிமிடத்துக்கு 7,200 சுற்று வரை சுழலும் தட்டுக்கு மேல், தலைமுடியின் தடிமனைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில், படிக்கவும் எழுதவும் செய்யும் ஹெட் மிதந்துகொண்டிருக்கிற நேரம் அது. இன்னொன்று: பல இரட்டை டாக்குகளில் ஒரு ஓட்டையில் காப்பி ஓடும்போது மறு ஓட்டையில் டிஸ்க்கைச் செருகினால், முதல் டிஸ்க்கும் ஒரு கணம் அறுந்து மறுபடி வரும். அதற்குள் காப்பி பாதியில் நின்றிருக்கும்.

ஏற்காட்டிலிருந்து வருகிற டிஸ்க்குகளுக்கு வேறு நோய். ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கணக்கு டிஸ்க்குகளை ஜன்னலோர அலமாரியில் வெறுமனே அடுக்கி வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துபோகிற ஊர். ஒருநாள் டிஸ்க் டக் டக் என்று தட்டியது. செய்தித்தாளில் சுற்றி, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் உருட்டிக்கொண்டே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்கள். பலகையின் ஸ்குருவைக் கழற்றித் திருப்பினேன். ஹெட்டுக்குப் போகும் இணைப்பைத் தொடும் சின்னச் சின்னத் தகடுகள் பொன்னிறம் போய்க் கறுத்திருந்தன. பிள்ளைகள் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, திருப்பிப் பொருத்தினேன். டிஸ்க் ஓடியது. உடனே எல்லாவற்றையும் வேறொன்றுக்கு எடுத்துவிட்டேன். எல்லா டக் டக் சத்தமும் ரப்பருக்கு அடங்காது. பெரும்பாலும் ஹெட் போய்விட்டது என்றுதான் அர்த்தம். அப்போது மீண்டும் மீண்டும் டாக்கில் செருகிப் பார்ப்பது தட்டைச் சுரண்டுகிற வேலை.

அவர்களுக்கு அன்று கொடுத்தனுப்பியது, டிஸ்க்கோடு வரும் அந்தச் சாம்பல் நிறக் கவர் இரண்டு, மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா இரண்டு, உள்ளே போட சிலிக்கா ஜெல் பொட்டலம். டிஸ்க்கில் இருக்கும் சின்ன ஓட்டையின் மேல் மட்டும் லேபிள் ஒட்டாதீர்கள், அது மூச்சுவிடும் ஓட்டை என்றும் சொன்னேன்.

ஸ்டுடியோ அண்ணன் இப்போதும் அதே டாக்கைத்தான் வைத்திருக்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இரண்டு ஓட்டைக்கும் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டில், நம்பர் பிளேட் எழுதுகிறவரை வைத்தே எழுதிய மாதிரி, ஒன்றில் 'இதிலிருந்து', இன்னொன்றில் 'இதுக்கு'.