எசென்ஷியல் ஆயில்: அத்தியாவசியம் எங்கே வந்தது?

கீழக்கரையில் ஒரு கடையில் ஓமவல்லி எண்ணெய்ப் புட்டி ஒன்று பார்த்தேன். லேபிளில் ‘எசென்ஷியல் ஆயில்’ என்பதைத் தமிழாக்கி ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற லாத்தா (இந்தக் கடற்கரை முஸ்லிம்களிடம் அக்கா ‘லாத்தா’, அண்ணன் ‘காக்கா’) கடைக்காரரிடம் கேட்டார்: “அத்தியாவசியம்னா ரேஷன்லதானே காக்கா குடுக்கணும்?”

நியாயமான கேள்வி. எசென்ஷியல் என்பது இங்கே ‘தேவையான’ என்ற பொருளில் வரவில்லை. எசென்ஸ், அதாவது சாரம். நிலம், நீர், தீ, காற்று என நான்கு பூதங்களை எண்ணிய ஐரோப்பியர், அவற்றுக்கு அப்பாலுள்ள ஐந்தாவதை லத்தீனில் ‘குவிண்டா எசென்ஷியா’ என்றார்கள். (நமக்கு ஐந்தாவது ஆகாயம்.) 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ், மருந்துப் பொருளிலிருந்து பிரித்தெடுக்கும் சாரத்துக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்.

‘எண்ணெய்’ என்பதும் முழுக்கப் பொருந்தாது. எள்+நெய்தான் எண்ணெய். தைலமும் ‘திலம்’ என்ற எள்ளிலிருந்து வந்ததே. இதிலோ கொழுப்பு கிடையாது. தாளில் சொட்டு விட்டால் நல்லெண்ணெய்க் கறை நிற்கும். இது பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும்.

ஓமவல்லி இலையைக் கசக்கினால் ஓம வாசம் வருவதற்குக் காரணம் தைமால், கார்வக்ரால் என்னும் இரண்டு பீனால் வகை வேதிப்பொருள்கள். இவை பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதைக் கசியவிடுகின்றன. அதுதான் நுண்ணுயிர் எதிர்ப்பு. அதே பீனால்கள் தம் ஹைட்ரஜனைத் தனியுறுப்புகளுக்கு (ஃப்ரீ ராடிக்கல் எனும், செல்லைச் சிதைக்கக்கூடிய நிலையற்ற துகள்களுக்கு) கொடுத்து அடக்கினால் அது ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு. சரி, ஆய்வகத் தட்டில் கிருமி செத்தது என்பதால் புட்டியை வாயில் ஊற்றிக்கொள்ள முடியாது. நீர்க்காத எண்ணெய் தோலையே எரிக்கும்.

அப்புறம் தமிழில் என்ன சொல்லலாம்? ‘நறுமண எண்ணெய்’ புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் வாசனை சேர்த்த தேங்காய் எண்ணெயும் அதில் அடங்கிவிடும். ‘தைலம்’ என்றால், சித்த மருத்துவத்தில் பெரும்பாலும் மூலிகையை எண்ணெயிலிட்டுக் காய்ச்சுவது. வாலையில், அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்து வடிக்கும் கலனில், வடிக்கும் நீலகிரித் தைலமும் அதே பெயரில் ஓடுவது தனிக் கதை. என் வாக்கு ‘ஆவியாகும் எண்ணெய்’ என்பதற்கு. ஆவியாக்கி வடிக்கும் செய்முறை, ஆவியாகிப் போகும் குணம் இரண்டும் அதில் தெரிகின்றன.

இந்தக் கரைக்குப் பழகிய ‘அத்தர்’ கூட அரபியில் நறுமணத்தைக் குறிக்கும் ‘இத்ர்’தான். ஆனால் ஓமவல்லி அத்தர் என்று எழுதினால் அந்த லாத்தா அதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பார்.