எந்த மருந்து கேட்கும்?

வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "மாட்டுக்கு மடிநோய். மூன்று நாள் ஊசி போட்டும் வீக்கம் வற்றவில்லை. பாலைச் சோதித்தால் எந்த மருந்து கேட்கும் என்று தெரியுமாமே, எப்படி?"

முதல் பாதி சுலபம். காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் சில பீச்சைக் கீழே விட்டு, அடுத்த பாலைக் கிருமிநீக்கிய குப்பியில் பிடித்து, ஐஸில் வைத்துச் சேலத்துக்கு அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் அதிலுள்ள பாக்டீரியாவைத் தனியே வளர்த்தெடுப்பார்கள்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம். தட்டில் 4 மில்லிமீட்டர் கனத்துக்கு அகார் உறைந்திருக்கும். நோன்புக் காலத்தில் இனிப்பாகச் சாப்பிடுகிறோமே, அதே கடல்பாசிதான். சர்க்கரைக்குப் பதில் பாக்டீரியாவுக்கான தீனி. அதன்மேல் பாக்டீரியாவைப் பஞ்சுக்குச்சியால் பூசி, மருந்தில் ஊறிய காகிதப் பொட்டுகளை வைப்பார்கள். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர், நெற்றி ஸ்டிக்கர் அளவு. 35 டிகிரி சூட்டில் ஓர் இரவு. காலையில் தட்டு முழுக்க பாக்டீரியா வளர்ந்த வெளிறிய படலம். சில பொட்டுகளைச் சுற்றி மட்டும் பாக்டீரியா வளராத தெளிந்த வட்டம்.

மருந்து அந்த விளிம்போடு நின்றுவிட்டது என்றுதான் தோன்றும். இல்லை, அது விளிம்பைத் தாண்டியும் ஊறிக்கொண்டே போகிறது, போகப்போக நீர்த்தபடி. பாக்டீரியாவோ அரை மணிக்கொருமுறை இரட்டிக்கிறது. மரவள்ளிக் காட்டில் களை மாதிரிதான்: முளையில் ஒரு ஆள் போதும், மண்டிவிட்டால் பத்துப் பேர் வந்தாலும் திணறும். போதுமான மருந்து போய்ச் சேருமுன் கூட்டம் பெருத்துவிட்ட இடம்தான் விளிம்பு. அது முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடும். மீதி இரவு, நம் கண்ணுக்குத் தெரிவதற்காக. பாக்டீரியாவை அடர்த்தியாகப் பூசினால் வட்டம் சுருங்கும் என்பதால் பாக்டீரியா கலந்த கரைசலின் கலங்கலைக்கூட அளந்துதான் எடுப்பார்கள்.

அதனால் பெரிய வட்டம், நல்ல மருந்து என்று கணக்குப் போடாதீர்கள். கொலிஸ்டின் என்ற பாக்டீரியா கொல்லி மருந்தின் மூலக்கூறு பெரியது, அகாரில் நகரவே திணறும். அதற்கு இந்தச் சோதனை நம்பகமில்லை. மற்றவற்றுக்கு, 1966-இல் பாயர், கெர்பி குழுவினர் ஒழுங்குபடுத்திய வழியில், வட்டத்தை அளந்து அந்தந்த மருந்துக்குரிய அட்டவணையோடு ஒப்பிடுவார்கள்.

கண்ணு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுவதில் எனக்குப் பெரிய கோபமில்லை. மிளகாயால் கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி வராது. ஊசியை மாற்றி மாற்றி அரைகுறையாகப் போட்டால் வரும். கொலிஸ்டினைப் பண்ணை விலங்குகளுக்குத் தரக்கூடாதென்று 2019-இல் இந்தியா தடை போட்டது இந்தப் பயத்தில்தான். தடை சரி, தாலுகாவுக்கு ஒரு ஆய்வகம் எப்போது?

உங்களுக்கு முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றாதீர்கள். என்ன ஊசி, எத்தனை நாள் என்று குப்பியில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.