டல்சாவில் நடந்தது கலவரம் இல்லை

அமெரிக்காவின் டல்சா நகரில் 1921இல் நடந்ததை ‘டல்சா இனக்கலவரம்’ என்று மூன்றாவது தடவையாக ஒரு மொழிபெயர்ப்பில் படித்துவிட்டேன். மூலத்தைத் தேடிப் பார்த்தால் அங்கே ‘மாசகர்’ (massacre) என்றுதான் இருக்கிறது. பழக்கதோஷத்தில் கை ‘கலவரம்’ என்று எழுதிவிட்டது போல.

மாசகர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ஆட்களைக் கூட்டமாகக் கொன்று குவிப்பது. தமிழில் படுகொலை. படுபாவி, படுமோசம் என்பதில் வரும் அதே ‘படு’தான். அதில் சிக்கல் ஒன்றுமில்லை.

என் தகராறு கலவரத்தோடுதான். ‘முகத்தில் கலவரம் தெரிந்தது’ என்றால் மனக்கலக்கம். ஊரில் கலவரம் என்றால் இரண்டு தரப்பு, கல்வீச்சு, 144. யார் அடித்தார், யார் பட்டார் என்று சொல்லாமலே தப்பித்துக்கொள்ள வசதியான சொல். 1983 ஜூலையை இனக்கலவரம் என்று எழுதினால் ஈழத்தவருக்கு ஏன் சுருக்கென்று தைக்கிறது? இதனால்தான்.

டல்சா, ஓக்லஹோமா மாநிலம். 1921 மே 31, ஜூன் 1. வெள்ளையர் கும்பல் கிரீன்வுட் என்ற கறுப்பினத்தவர் பகுதிக்குள் புகுந்து சுமார் 35 தெருக்கட்டங்களைக் கொளுத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பல். செத்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். பிடித்து அடைக்கப்பட்டவர்களோ வீடிழந்த கறுப்பினத்தவர்கள், ஆயிரக்கணக்கில்.

‘அவர்களிடமும் துப்பாக்கி இருந்ததே’ என்பார்கள். இருந்தது. டிக் ரோலண்ட் என்ற இளைஞரைக் கும்பல் இழுத்துப்போய்க் கொன்றுவிடாமல் காக்க நீதிமன்ற வாசலுக்குப் போனவர்களிடம் இருந்தது. அதை வைத்து ஊரையே எரித்ததைக் ‘கலவரம்’ ஆக்கினால், அன்று முழுக்க வெள்ளையர்களே இருந்த நடுவர் குழு பழியைக் கறுப்பினத்தவர் தலையில் போட்டதே, அந்தத் தீர்ப்பில் நாமும் கையெழுத்துப் போட்டதாகும்.

இந்தச் சொல்லில் காசும் இருந்தது. கலவரத்தால் வரும் இழப்புக்குப் பொறுப்பில்லை என்று பாலிசியில் ஒரு ஷரத்து. அதைக் காட்டியே காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்தன. 1926இல் மாநில உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. நூற்றாண்டு நினைவு ஆணையம் 2018இல் தன் பெயரிலேயே கலவரம் என்று பொருள்படும் ‘ரயட்’டை (riot) எடுத்துவிட்டு ‘மாசகர்’ போட்டுக்கொண்டது. நாம் மட்டும் அதைத் திரும்ப ரயட் ஆக்குகிறோம்!

சரி, ‘இனப்படுகொலை’ என்று எழுதலாமே என்றார் நண்பர். கூடாது. அது ஓர் இனத்தையே அழிக்க முனையும் ஜெனோசைடுக்கு என்று நிலைத்துவிட்ட சொல். சட்டத்தில் அதற்குத் தனி வரையறை இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் வாசகர்தான் குழம்புவார். ‘இனவெறிப் படுகொலை’ என்று ஒரு ‘வெறி’யைச் சேர்த்தால் போதும். நீளம் உறுத்தினால் ‘கிரீன்வுட் படுகொலை’.

தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே ‘மோதல் வெடித்தது, தீ பரவியது, பலர் பலியாயினர்’ என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? தீ தானாகவா பரவியது? கொளுத்தினார்கள்.