மூச்சை எண்ணினீர்களா?

வார்டில் எந்த சார்ட்டை எடுத்துப் பார்த்தாலும் காய்ச்சல், பல்ஸ், பிபி எல்லாம் வேளைக்கு வேளை மாறியிருக்கும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது மட்டும் 18, 18, 18 என்று ஒரே எண்ணாக வரிசையில் இறங்கிக்கொண்டே போகும். பல வருடங்களாக நர்ஸ் வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த 18-களில் நிறைய எண்ணி எழுதியவை அல்ல. பிபிக்கும் காய்ச்சலுக்கும் கருவி இருக்கிறது. மூச்சுக்கு நம் கண்ணும் கடிகாரமும்தான். அவசரத்தில் அதுதான் முதலில் விட்டுப்போகிறது.

ஒரு நைட் ட்யூட்டியில், நிமோனியாவுக்காகச் சேர்ந்திருந்த பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். பிபி 124/78. காய்ச்சல் விட்டிருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 95 சதவீதம் காட்டியது. சார்ட்டில் கவலைப்பட ஒன்றுமே இல்லை.

"சாப்பிட்டீங்களா ஐயா?" என்றேன்.

"சாப்... பிட்டேம்மா."

ஒரே சொல்லுக்கு நடுவில் ஒரு மூச்சு. தோள்கள் ஏறி இறங்கின. கழுத்தெலும்புக்கு மேலே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. அப்படியே நின்று ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். 30. அந்த 95-ஐத் தக்கவைக்கத்தான் அவர் உடம்பு அவ்வளவு பாடுபட்டுக்கொண்டிருந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். சற்று நேரத்தில் அவரை ஐசியூவுக்கு மாற்றினார்கள். நான்காம் நாள் வார்டுக்குத் திரும்பி வந்தார். அன்றிலிருந்து ஜூனியர் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "எண்ணினியாம்மா?" என்பதுதான்.

ஓய்வில் இருக்கும் வயதுவந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் மதிப்பெண் கூடக் கூட ஆபத்து என்று காட்டும் ஒரு எச்சரிக்கை மதிப்பெண் முறையைக் கொண்டுவந்து 2017-இல் திருத்தியது. அதில் மூச்சு 25-க்கோ அதற்கு மேலோ போனாலும், 8-க்கோ அதற்குக் கீழோ வந்தாலும், அது ஒன்றுக்கே 3 மதிப்பெண். மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டிய அளவு அது. நோயாளிக்குப் புதிதாக வந்த மனக்குழப்பத்துக்கும் அதே 3 உண்டு. ஆகவே வீட்டார் வந்து, "அம்மா இன்னைக்கு ஏதோ மாதிரி பேசுறாங்க சிஸ்டர்" என்றால் அதை ஓர் அளவீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணப்போவதை நோயாளியிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்த்து முடித்ததும் மணிக்கட்டில் கையை எடுக்காமல் நெஞ்சைப் பாருங்கள். முழுதாக ஒரு நிமிடம். கழிவறைக்குப் போய் வந்த கையோடு எண்ண வேண்டாம்.

அப்புறம், மூச்சு எப்படிப் போகிறது என்பதையும் கவனியுங்கள். சர்க்கரை நோயாளி ஒருவர் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுகிறார், வாயில் பழ வாசனை வருகிறது என்றால், கோளாறு நுரையீரலில் இல்லாமல் ரத்தத்தில் சேர்ந்த கீட்டோன் அமிலத்திலும் இருக்கலாம். மூச்சைக் குறைக்கக்கூடிய வலி மருந்தான மார்ஃபின் கொடுத்த நோயாளி "நல்லா தூங்குறார்" என்று வீட்டார் சொன்னாலும் எண்ணுங்கள். மூச்சு 8-க்கு இறங்கியிருந்தால் அது வெறும் தூக்கம் இல்லை. இதய பலவீனம் உள்ளவரிடம், இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கேளுங்கள்; மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுவதால் தலையணையைக் கூட்டியிருக்கலாம். தினமும் காலையில் எடையும் பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது பெரும்பாலும் உடம்பில் தேங்கிய நீர்.

ஆக்சிமீட்டரை மட்டும் நம்புவது எனக்குப் பயமாக இருக்கிறது. விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தவறாகக் காட்டும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டலாம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளில் கரியமில வாயு தேங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தாலே போதும் என்று டாக்டர்கள் இலக்கு வைப்பார்கள். அது தெரியாமல், அன்பினால் ஆக்சிஜனைத் திருகிக் கூட்டிவிடுகிற உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் பேசும்போது "மூச்சு வாங்குது சார்" என்று மட்டும் சொல்வதைவிட, "எட்டு மணிக்கு 20 இருந்தது, பத்து மணிக்கு 28, ஒரு வாக்கியத்தை முழுசா முடிக்க முடியலை" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி கேட்காமல் எழுந்து வருவார்.