அழுத்தம் இறங்கிய பிறகும் பார்வை ஏன் மங்குகிறது?

கண் நீர் அழுத்த நோய்க்கான டிராபெகுலெக்டமி அறுவையில், கண்ணின் வெள்ளைச் சுவரில் அரைத் தடிமனுக்கு ஒரு மூடியைச் செதுக்கி, அதனடியில் சிறு துளை இடுகிறார்கள். உள்ளே தேங்கிய நீர் அதன் வழியே கசிந்து, மேல் இமை மறைக்கும் இடத்தில், வெள்ளைச் சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கடியில் கொப்புளமாகத் தங்கி உறிஞ்சப்படும். உடலுக்கோ அது வெறும் காயம். தழும்பு போட்டு அடைக்கவே பார்க்கும். அதைத் தடுக்கத்தான் மைட்டோமைசின் என்ற மருந்து.

மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை கரைத்த மருந்தில் நனைத்த பஞ்சைச் சவ்வுக்கடியில் சில நிமிடங்கள் வைத்துவிட்டு, சலைனால் நன்றாகக் கழுவுவார்கள். அந்தச் சில நிமிடங்களிலேயே தழும்பு நார்களை உண்டாக்கும் செல்களின் டிஎன்ஏ பிணைந்துபோய், அவை பெருக முடியாமல் போகின்றன. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. மருந்தைக் கழுவிவிடலாம்; அது செய்த வேலையைக் கழுவ முடியாது. ஆண்டுகள் போனாலும் அந்த இடத்துச் சவ்வு மெலிந்து, ரத்தக்குழாய் குறைந்து வெளிறியே இருக்கலாம்.

நீர் அளவுக்கு மீறி வெளியேறினால் அழுத்தம் 5 மி.மீ. பாதரசத்துக்கும் கீழே போய்விடும் (இயல்பு 10 முதல் 21 வரை). கண்சுவர் தளர்ந்து உள்வாங்க, விழித்திரையின் மையத்தில் மடிப்புகள் விழுகின்றன. நேர்க்கோடுகள் நெளிந்து தெரியும், எழுத்து கலங்கும். இளவயதினருக்கும் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் சுவர் எளிதில் தளர்வதால் ஆபத்து கூடுதல். மாதக்கணக்கில் விட்டால் மடிப்பு நிலைத்துவிடலாம். ஆகவே 4 என்ற எண்ணைக் கண்டு மகிழக் கூடாது. பார்வையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதலில் ஃபுளோரசின் சாயமிட்டுக் கசிவு இருக்கிறதா என்று தேடுவார்கள். தேவைப்பட்டால் மூடியைத் திறந்து மறுபடி தையல் போடுவார்கள்.

எல்லா மங்கலும் இப்படிப்பட்டதல்ல. தொடக்க வாரங்களில் தையல் இறுக்கம் கருவிழியின் வளைவை மாற்றுவதால் பவர் மாறும். புதுக் கண்ணாடிக்கு இரண்டு மூன்று மாதம் பொறுப்பது நல்லது. கண்புரையும் இந்த அறுவைக்குப் பின் விரைவாக முற்றக்கூடும்.

மெலிந்த கொப்புளத்தின் வழியே கிருமி எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். அறுவை முடிந்து பத்து ஆண்டு ஆகியிருந்தாலும், கண் சிவந்து வலித்தால், பீளை கட்டினால், பார்வை சட்டென்று குறைந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தொற்று கண்ணுக்குள் பரவிவிட்டால் பார்வையைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.